கும்பிடவும் பேசவும் உள்ள உரிமை: ஒரு மாதக் கணக்கை மறக்காதீர்கள்

வவுனியா மாவட்டத்து வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில் 2024 சிவராத்திரி அன்று கும்பிட வந்த 8 பேரைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு வவுனியா நீதிமன்றம் விடுவித்தது. அதற்குப் பிறகு வன்னியில் எந்தக் கோயில் வாசலிலும் இந்தப் பேச்சுத்தான்: கும்பிடுவதற்கு உரிமை இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை நம்பிக்கையைப் பற்றியது. எந்த மதத்தையும் ஏற்கலாம், மாறலாம், ஒன்றுமே வேண்டாம் என்றும் இருக்கலாம். இதை எந்தச் சட்டத்தாலும் மட்டுப்படுத்த முடியாது, மாற்றுவதென்றால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும். பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் 9ஆம் உறுப்புரைகூட மற்ற மதங்களின் உரிமையை அதே வாக்கியத்திலேயே உறுதிப்படுத்துகிறது (முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர்).

பொங்கல் வைப்பது, பூசை செய்வது, மதம் கற்பிப்பது, பேசுவது, எழுதுவது எல்லாம் 14ஆம் உறுப்புரை. இது குடிமக்களுக்கு மட்டும், அதோடு மட்டுப்பாடும் உண்டு. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் வரலாம், பேச்சுக்கென்றால் இன மத ஒற்றுமை, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்று இன்னும் நீளும். ஆனால் அது சட்டத்தால் வரவேண்டும், பொலிஸ்காரர் வாயால் சொன்னது சட்டமாகிவிடாது. அதனால் தடுத்தால் "எந்தச் சட்டம், எழுத்தில் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கற்பிக்கலாம் என்றேன், மதம் பரப்புவது வேறு: அதற்கு இங்கே அடிப்படை உரிமை இல்லை என்று உயர் நீதிமன்றம் (நாட்டின் அதியுச்ச நீதிமன்றம்) 2003இல் சொல்லிவிட்டது.

சரி, மீறினால்? வவுனியா, கிளிநொச்சி நீதிமன்றங்களில் இந்த அடிப்படை உரிமை வழக்கைப் போட முடியாது. 126ஆம் உறுப்புரையின்படி கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குத்தான் மனு, அதுவும் ஒரு மாதத்துக்குள். நம்மவர்கள் பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்), எம்.பி. வீடு என்று அலைந்துவிட்டுச் சட்டத்தரணியிடம் வரும்போது அந்த மாதம் போயிருக்கும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் மனுவுக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. வவுனியாவிலேயே அவர்களுடைய அலுவலகம் இருக்கிறது, தமிழில் எழுதிக் கொடுக்கலாம், காசும் இல்லை. ஆனால் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், விசாரணை நடக்கிறது என்பதற்கு நீதிமன்றம் ஆதாரம் கேட்கும். முறைப்பாட்டு இலக்கத்தையும் வருகிற கடிதங்களையும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று, இந்த மனு அரச அதிகாரிகளுக்கு எதிராகத்தான். பக்கத்து வீட்டுக்காரர் கோயில் பாதையை மறித்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு, அங்கே எடுக்க மறுத்தால் அந்தத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அது பொலிஸாரின் மீறல் என்பதால் ஒரு மாதக் கணக்கு அதிலிருந்தும் ஓடத் தொடங்கலாம்.