உடற்பருமன்: சொல் விளக்கம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து கிளினிக்கில் என் பெரியம்மாவின் நிறையைப் பார்த்துவிட்டு, "உடற்பருமன் கூடிவிட்டது, சாப்பாட்டைக் குறையுங்கள்" என்றார்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவே இல்லை. படிக்கட்டு ஏறும்போது மட்டும் கேட்டார்: "நான் என்றைக்கு ராசா வயிறு நிறையச் சாப்பிட்டேன்?" முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். உடற்பருமன் என்ற சொல் உண்மையில் என்ன சொல்கிறது, அவர் காதில் ஏன் அது குற்றச்சாட்டாக விழுந்தது என்று அன்று முதல் தேடத் தொடங்கினேன்.

சொல்லைப் பிரித்தால் அதில் குற்றமே இல்லை. 'பரு' என்றால் பெரிதாதல், திரளுதல். பருமணல், பருப்பொருள், பருவுடல் எல்லாம் அந்த வேரில் வந்தவை. நுண்மைக்கு எதிர்ச்சொல் பருமை. நம் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில், காவி (வெக்டர்) என்பது பருமனும் திசையும் கொண்டது என்று படித்திருப்போம். அங்கே பருமன் என்பது வெறும் அளவு. சிறியதற்கும் பருமன் உண்டு, பெரியதற்கும் உண்டு. அந்தக் கணக்கில் உடற்பருமன் என்பதற்கு 'உடலின் அளவு' என்றுதான் பொருள். 'மிகுந்த பருமன்' என்ற பொருள் வழக்கால் ஏறியது. யார் தின்றார், எவ்வளவு தின்றார் என்ற பேச்சு அதற்குள் இல்லை.

அந்தப் பேச்சு, உடற்பருமனைக் குறிக்கும் ஒபீசிட்டி (obesity) என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கிறது. அதன் மூலம் இலத்தீன். 'ஒபேசுஸ்' என்பது 'தின்னுதல்' என்ற வினையிலிருந்து பிறந்தது. தின்று பெருத்தவர் என்பதே அதன் பழகிய பொருள். ஆனால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் இருந்தது. 2ஆம் நூற்றாண்டு உரோம எழுத்தாளர் அவுலஸ் கெல்லியஸ், மக்கள் இதைக் கொழுத்தவர் என்ற பொருளில் வழங்கினாலும், பழைய கவிஞர் ஒருவர் 'மெலிந்த, அரித்துத் தின்னப்பட்ட உடல்' என்ற பொருளில் ஆண்டிருப்பதை எடுத்துக்காட்டுகிறார். தின்றவரும் தின்னப்பட்டவரும் ஒரே சொல்லுக்குள்! இதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் மெலிந்த கைகளும் பெருத்த வயிறும்தான் கண்முன் வந்தன.

சிங்களத்தில் இதை 'ஸ்தூலதாவ' என்றும் பேச்சில் 'தரபாருவ' என்றும் சொல்கிறார்கள். ஸ்தூலம் தமிழிலும் தூலம் என்று வழங்கியதுதான். இன்று தத்துவ நூல்களோடு நின்றுவிட்டது. கொழுப்பு என்ற சொல்லைத்தான் நின்று பார்க்க வேண்டும். சித்த மருத்துவம் சொல்லும் ஏழு உடற்கட்டுகளில் அதுவும் ஒன்று. சாரம், செந்நீர், ஊன் என்ற வரிசையில் என்புக்கு முன் மரியாதையாக நிற்கிறது. அதே சொல் தோட்டத்தில் வசையானது. கூலி உயர்வு கேட்டு நின்றவனுக்குக் 'கொழுப்புக் கூடிவிட்டது' என்ற கதைகளைக் கேட்டே வளர்ந்தவன் நான். அந்த வசை எப்போதும் மேலேயிருந்து கீழேதான் வரும். தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கொழுப்பு என்று எவரும் உரக்கச் சொன்னதில்லை. ஆகவே ஒபீசிட்டிக்கு 'மிகைக்கொழுப்பு' என்ற மொழிபெயர்ப்பு மருத்துவத்துக்கு எவ்வளவு பொருந்தினாலும் லயத்து வாசலில் நின்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

தொந்திக்கோ ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக வந்த பெரிய கங்காணியின் (தொழிலாளரை மேற்பார்த்த தலைவரின்) வயிறு, அவர் வீட்டு அரிசிப் பானையின் அடையாளம். இன்றும் கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வரும் பையனைப் பார்த்து, "நன்றாகத் தேறி வந்திருக்கிறான்" என்று மகிழ்கிறோம். பஞ்சத்தைக் கண்டவர்களின் மொழி அது.

இனி, கிளினிக்கில் வரும் எண்ணுக்கு வருவோம். 'உடற்திணிவுச் சுட்டி' (BMI) என்பது கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது. (தமிழ்நாட்டில் நிறை என்பதை நாம் திணிவு என்கிறோம்; அங்கே எடை என்பது நமக்கு நிறை. இரு கரைப் புத்தகங்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதில் தடுமாறுவதுண்டு.) இதை 19ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜிய அறிஞர் அடோல்ப் கெட்டலே தேடியது சராசரி மனிதனின் அளவை, நோயை அல்ல. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் இதற்கு இப்போதைய பெயரைத் தந்தார். 25க்கு மேல் அதிநிறை, 30க்கு மேல் உடற்பருமன் என்பது உலகப் பொது வரம்பு. ஆசிய மக்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் கூறியது. ஒரே சுட்டி எண்ணிலும் நம்மவர் உடலில் தசை குறைவாகவும் கொழுப்புக் கூடுதலாகவும் இருப்பதே காரணம்.

பெரியம்மாவின் உயரம் 145 சென்ரிமீற்றர், நிறை 52 கிலோ. சுட்டி 24.7. அதே நிறையோடு அவர் இன்னும் 10 சென்ரிமீற்றர் வளர்ந்திருந்தால் அது 21.6 ஆக இருந்திருக்கும். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். வளராமல் போன அந்த உயரம் யாருடைய குற்றம்? 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். பிள்ளைப் பருவத்து வறுமை வகுக்கும் எண்ணாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கதை கருவறையிலேயே தொடங்குகிறது. குறைந்த நிறையோடு பிறந்தவர்களிடம் பிற்காலத்தில் இருதய நோய் கூடுதலாக இருப்பதை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980களில் காட்டினார். 1992இல் ஹேல்ஸ் என்பவரோடு சேர்ந்து அதற்கொரு விளக்கமும் தந்தார். தாய்க்கு உணவு போதாதபோது சிசுவின் உடல் சிக்கனம் பிடிக்கிறது. மூளையைக் காப்பாற்றிக்கொண்டு மற்ற உறுப்புகளின் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. இன்சுலின் சுரக்கும் கணையமும் அதில் அடிபடுகிறது. பின்னாளில் மாவும் சீனியும் தாராளமாக வரும்போது அந்த உடலால் சமாளிக்க முடிவதில்லை. 1944–45 குளிர்காலத்து நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களிடம் சீனி வியாதிக்கான போக்கு மிகுந்திருந்ததும் இதையே சொல்கிறது.

நமக்கும் ஒரு பஞ்சம் உண்டு. 1973–74இல் தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடைக்காமல் மக்கள் பட்டினியால் செத்தார்கள். பெரியம்மா 1974இல் பிறந்தவர். அந்த ஆண்டுகளில் பிறந்து தப்பியவர்கள் இன்று ஐம்பதை ஒட்டியவர்கள்; சீனியும் பிரஷரும் தேடி வரும் வயது.

'அது அவர்கள் குடும்ப வாகு' என்று சொல்லி நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். உடல்வாகு அருமையான சொல், அதில் உண்மையும் உண்டு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் உடற்பருமன் வளர்த்தவர்களை ஒத்திராமல் பெற்றவர்களை ஒத்திருந்ததை அமெரிக்க மருத்துவர் அல்பேர்ட் ஸ்டன்கார்ட் 1986இல் காட்டினார். ஆனால் வாகு என்பதற்குள் வித்து மட்டும் வருவதில்லை. அம்மாவின் பசியும் வருகிறது, பாட்டியின் கூலியும் வருகிறது. அதே ஸ்டன்கார்ட் 1989இல் ஜெப்ரி சோபலோடு சேர்ந்து பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். வளர்ந்துவரும் நாடுகளில் வசதி படைத்தவர்களிடம் பருமன் மிகுதி. செல்வ நாடுகளிலோ ஏழைப் பெண்களிடம் மிகுதி. நாம் அந்த இரண்டுக்கும் நடுப் பாலத்தில் நிற்கிறோம். கங்காணிக்குத் தொந்தி இருந்த காலம் போய், கொழுந்தெடுப்பவருக்கும் வயிறு முன்னே வருகிறது.

விடியலில் சுட்ட கோதுமை ரொட்டி, கட்டைச் சம்பல், சீனி போட்ட பிளேன்டி (பால் விடாத தேநீர்). மலைக்கு எடுத்துச் செல்ல வசதியானது, மலிவானது, பசியை அடைக்கும். பருப்பும் முட்டையும் மீனும் சம்பள நாளைச் சுற்றித்தான். இளமையில் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி எரித்தவர், வேலையை விட்ட பின்னும் அதே ரொட்டியைத்தான் உண்கிறார். வேறு எதை உண்பது என்று யாரும் சொல்லவில்லை. குறையுங்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

சொல்லைப் பொறுத்தவரை என் முடிவு இது. ஒபீசிட்டிக்கு உடற்பருமன் என்பதே இருக்கட்டும். யாரையும் பழிக்காத சொல் அது. ஓவர்வெயிட்டுக்கு அதிநிறை போதும். கைகால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்புச் சேரும் நம் பக்கத்து உடலுக்கு 'வயிற்றுப்பருமன்' என்று தனியே எழுத வேண்டும். அதற்குத் தராசு தேவையில்லை, நாடா போதும்: வயிற்றுச் சுற்றளவு தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது வரம்பு.

வீட்டுக்கு வந்து தையல் நாடாவால் அளந்தேன். 91 இருந்தது. கிளினிக் கொப்பியில் 'வயிற்றுப்பருமன், 91' என்று எழுதி, அடுத்த முறை காட்டச் சொன்னேன். பிறந்தபோது அவர் நிறை எவ்வளவு என்று எழுதலாமென்று கேட்டுப் பார்த்தேன். பறித்த கொழுந்தை நாளுக்கு மூன்று முறை நிறுத்துக் கொடுத்தவருக்கு அது தெரியவில்லை. வீட்டில் இருந்த எந்தத் தாளிலும் அது இல்லை.