மக்கள்தொகையில் பூநாரை சேராது

எண்ணூரில் பறவை ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் திரையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்: 'பூநாரைகளின் மக்கள்தொகை'. அதற்கப்புறம் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. செய்தித்தாளில் புலி, தொலைக்காட்சியில் யானை, இப்போது பழவேற்காட்டுப் பூநாரையும் மக்களாகிவிட்டது.

ஆங்கில மூலச்சொல் பாப்புலேஷன். மக்களைக் குறிக்கும் பாப்புலுஸ் என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. உயிரியலார் பிறகு எல்லா உயிருக்கும் விரித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் உள்ளே இருக்கும் 'மக்கள்' இன்று யாருக்கும் கேட்பதில்லை. தமிழில் பளிச்சென்று கேட்கிறது. தொல்காப்பிய மரபியல் ஆறறிவுயிர் என்று தனியே பிரித்து வைத்த சொல் அது.

சரி, 'எண்ணிக்கை' போதாதா என்பார்கள். சரிபோலத் தோன்றுவதால் இதுதான் அதிகம் கெடுக்கிறது. எண்ணிக்கை என்றால் எண்ணிக் கண்டது. உப்பங்கழியில் இருக்கும் அத்தனை மீனையும் யார் எண்ண முடியும்? அங்கேதான் நிகழ்தகவு வேண்டியிருக்கிறது. எண்ணூர்க் கழியில் 100 மடவை மீன் பிடித்து, அடையாளமிட்டு விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாளில் மறுபடி வலை போட்டால் 80 விழுகிறது, அதில் 20 அடையாளமிட்டவை. கால் பங்கு. அப்படியானால் முதலில் அடையாளமிட்ட 100 மீனும் கழியில் உள்ளதில் கால் பங்குதான், மொத்தம் ஏறக்குறைய 400. எண்ணிக்கை 80, தொகை 400! அந்த 20 தற்செயலாக 16 ஆகியிருந்தால் தொகை 500 என்று வந்திருக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் ஒற்றை எண்ணோடு நிற்காமல் வரம்பும் தருகிறார்கள். இந்தியாவின் 2022 புலி மதிப்பீட்டில் சராசரி 3,682, மேல்வரம்பு 3,925. நம் மொழிபெயர்ப்பாளர்கள் வரம்பை உதறிவிட்டுப் 'புலிகளின் எண்ணிக்கை 3,682' என்று எழுதுகிறார்கள், ஏதோ வரிசையில் நிறுத்தி எண்ணியதுபோல. இந்த ஆண்டு பறவை குறைந்ததா, நம் கண்ணில் பட்டது குறைந்ததா? இரண்டையும் பிரிக்கத்தான் இந்தக் கணக்கு முறைகளே இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கேள்வியே காணாமல் போகிறது.

'இனக்கூட்டம்' என்பாரும் உண்டு. தனித்தனியே திரியும் புலிக்கு ஏது கூட்டம்? இலங்கை வழக்கின் 'குடித்தொகை' இதைவிடத் தேவலாம், ஆனால் குடியும் மனிதரிடமே போய் நிற்கிறது.

'மக்கள்' என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உயிரின் பெயரை வைத்தால் போதும். தொகு என்பதிலிருந்து வந்த தொகை, எட்டுத்தொகை காலத்துச் சொல். காசிமேட்டு ஏலத்தில் தொகை என்றால் பணம்தானே என்று நண்பர் கேட்டார். கடன்தொகை என்றால் பணம், மக்கள்தொகை என்றால் ஆள் என்று முன்சொல்லை வைத்துத்தானே புரிந்துகொள்கிறோம்? அப்படியே புலித்தொகை, மடவைத்தொகை, பூநாரைத்தொகை. பொதுவாகச் சொன்னால் உயிரினத்தொகை.