மின்விசிறி சுழன்ற நாளில் படித்த எறும்பு

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வி ஒரு வாரமாக மனத்தை விட்டு அகலவில்லை. அவருடைய மகளுக்கு வயது 14. வீட்டிலேயே படிக்கிறாள். மதியத்தில் தந்தையும் மகளுமாக உட்கார்ந்து, உயிரினங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பது வழக்கம். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள், எறும்புகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்ற பகுதி வந்தது. மகள் அரைக் கவனத்தோடுதான் கேட்டாளாம். புத்தகத்தை மூடி அரை மணி நேரம் ஆகியிருக்கும். அறையிலிருந்த மின்விசிறி முனகிக்கொண்டே நின்றுவிட்டது. இறக்கையைத் தள்ளிவிட்டால் சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் நின்றது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இருவரும் அதைக் கழற்றினார்கள். உள்ளே கண்டென்சர் உப்பிப்போய் இருந்தது. புதியதை மாற்றி ஸ்விட்சைப் போட்டபோது விசிறி சுழன்றது. அவள் தன் கையால் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தது அன்றுதான் முதல் முறை.

"விசிறியைக் கழற்றியது அவளுக்கு நினைவிருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த எறும்பு? அதற்கு முந்தைய நாள் படித்த தேனீயும் மறுநாள் படித்த வௌவாலும் சுத்தமாக மறந்துவிட்டன. எறும்புகள் மண்ணில் மணத்தடம் பதித்துக்கொண்டே போவதை மட்டும் இன்றும் ஒன்று விடாமல் சொல்கிறாள். எறும்புக்கும் விசிறிக்கும் என்ன சம்பந்தம்?"

இவ்வளவு கூர்மையாகக் கவனித்த அந்தத் தந்தையை முதலில் பாராட்ட வேண்டும். பெரும்பாலான பெற்றோர் விசிறியோடு நின்றிருப்பார்கள். ஒரு வீட்டில் ஒரு முறை நடந்ததை வைத்துக்கொண்டு 'இதுதான் காரணம்' என்று அடித்துச் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனாலும் அவர் கேட்டிருப்பது நினைவு ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் போய்ச் சரியாக விழுகிறது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். மூளையில் நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு நரம்பணு இன்னொன்றைத் தொட்டும் தொடாமலும் செய்தி சொல்லும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். எதையாவது கற்கும்போது சில சினாப்ஸ்கள் வலுப்பெறுகின்றன. முயலின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் இப்படி வலுப்பெறுவதை அளந்து 1973இல் விரிவாக எழுதியவர்கள் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும். இந்த வலுவில் இரண்டு தரம் உண்டு. ஒன்று சில மணி நேரத்தில் கரைந்துவிடும். மற்றது தங்கிவிடும். தங்க வேண்டுமானால் நரம்பணு புதிய புரதங்களை உற்பத்தி செய்தாக வேண்டும். புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை மூளைக்குள் செலுத்தினால் சுண்டெலிகள் கற்ற பாடத்தை இழந்துவிடுகின்றன என்று 1963இலேயே ஃபிளெக்ஸ்னரின் குழு காட்டியிருந்தது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஹிப்போகாம்பஸில் உள்ள ஒரு பெரிய நரம்பணுவுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சினாப்ஸ்கள் உண்டு. கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் மொட்டு மொட்டாக அவை வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு நினைவு வலுப்படுத்துவது அவற்றில் சிலவற்றை மட்டும். ஆனால் புரதத்துக்கான உத்தரவு பிறப்பது எங்கோ நடுவில், உட்கருவில். அங்கிருந்து கிளம்பும் சரக்கு பத்தாயிரம் வாசல்களில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுதி அனுப்பும் அளவுக்கு உட்கருவிடம் வசதி இல்லை. எல்லாவற்றுக்கும் கொடுத்தால் எல்லா சினாப்ஸும் வலுத்துவிடும். எல்லாம் வலுத்துவிட்டால் எதுவும் நினைவாகாது.

இந்தப் புதிருக்கு விடை கண்டவர்கள் ஊவே ஃபிரே, ரிச்சர்ட் மோரிஸ். ஆண்டு 1997. அவர்கள் சொன்னது இதுதான்: முகவரி எழுதுவது உட்கருவின் வேலை அல்ல. வலுப்பெற்ற சினாப்ஸே தன் வாசலில் ஒரு கொடி கட்டிக்கொள்கிறது. சரக்கு எல்லாத் தெருக்கள் வழியாகவும் போகும். கொடி கட்டிய வீடு மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இதை அவர்கள் நிரூபித்த அழகைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. எலியின் ஹிப்போகாம்பஸிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, தகுந்த திரவத்தில் பல மணி நேரம் உயிரோடு வைத்துக்கொண்டார்கள். ஒரே நரம்பணுக் கூட்டத்துக்குள் நுழையும் இரண்டு தனித்தனிப் பாதைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் பாதையில் பலமான மின்தூண்டல் கொடுத்தால் அதன் வலு தங்கும். இரண்டாவது பாதையில் லேசான தூண்டல் கொடுத்தால் அதன் வலு சில மணி நேரத்தில் கரைந்துபோகும். தனித்தனியாகப் பார்க்கும்வரை இதில் புதுமை ஏதும் இல்லை. ஆனால் முதல் பாதையைப் பலமாகத் தூண்டிய சற்று நேரத்துக்குள் இரண்டாவது பாதையைத் தூண்டியபோது அதன் வலுவும் கரையாமல் தங்கிவிட்டது. அதைவிட வியப்பானது, இன்னொரு சோதனையில் இரண்டாவது பாதையையும் பலமாகத் தூண்டி, அந்த நேரத்தில் புரத உற்பத்தியையே மருந்து கொடுத்து நிறுத்திவைத்தார்கள்; அப்போதும் அதன் வலு தங்கியது. அப்படியானால் இரண்டாவது பாதை எந்தப் புரதத்தைக் கொண்டு நிலைத்தது? முதல் பாதைக்காக ஏற்கெனவே உருவாகி நரம்பணுவுக்குள் உலவிக்கொண்டிருந்த புரதத்தைக் கொண்டுதான். வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் வரப்போரத்துப் புல்லும் நனைந்துகொண்டது.

அடுத்த ஆண்டு வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். முதலில் லேசான தூண்டல், பிறகு வேறு பாதையில் பலமான தூண்டல். அப்போதும் லேசானது பிழைத்துக்கொண்டது. அந்தக் கொடி ஓரிரு மணி நேரம் பறக்கும், பிறகு இறங்கிவிடும். அது இறங்குவதற்குள் சரக்கு வந்துவிட்டால் போதும்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒன்று நினைவில் நிற்குமா நிற்காதா என்பது அதைக் கற்ற கணத்தில் முடிவாகிவிடுவதில்லை. அதன் பிறகு வரும் ஒரு மணி நேரத்தில் வேறு என்ன நடக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. பின்னால் வந்த நிகழ்வு முன்னால் நடந்ததைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறது. எறும்பு கொடி கட்டியது. விசிறி சரக்கு கொண்டுவந்தது என்று சொல்லிப் பார்க்கலாம்.

சீவலில் நடப்பது உயிருள்ள விலங்கிலும் நடக்குமா? மொன்காதா, வியோலா என்ற இரு ஆய்வாளர்கள் அர்ஜென்டினாவில் எலிகளுக்கு மறுநாளே மறந்துவிடக்கூடிய லேசான பாடம் ஒன்றைக் கற்பித்தார்கள். மேடையிலிருந்து இறங்கினால் காலில் மெல்லிய மின்னதிர்ச்சி, அவ்வளவுதான். அந்தப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ சில எலிகளை அவை இதுவரை பார்த்திராத திறந்த களம் ஒன்றில் ஐந்து நிமிடம் உலவ விட்டார்கள். அந்த எலிகள் மறுநாளும் பாடத்தை மறக்கவில்லை. 2007இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்கெனவே பழகிய களத்தில் உலவிய எலிகளுக்கு எந்தப் பலனும் இல்லை. களம் புதிதாக இருக்க வேண்டும்.

புதுமையை மூளைக்கு அறிவிப்பது யார் என்ற கேள்வியை மோரிஸும் தகேயுச்சியும் தங்கள் குழுவினருடன் எடுத்துக்கொண்டார்கள். மணலில் புதைத்த இரை எந்தக் குழியில் இருக்கிறது என்று சுண்டெலிகள் அன்றாடம் நினைவில் வைக்க வேண்டும். சாதாரண நாளில் அது ஒரு நாளுக்குள் மறந்துவிடும். பாடம் முடிந்து அரை மணி நேரத்தில் புதுவிதமான தரை பரப்பிய பெட்டிக்குள் ஐந்து நிமிடம் விட்டால் மறுநாளும் நினைவிருந்தது. 2016இல் அவர்கள் காட்டியபடி, இந்த வேலையைச் செய்வது மூளைத்தண்டில் இருக்கும் ஒரு சிறு திட்டு. லத்தீனில் அதன் பெயருக்கு 'நீலப் புள்ளி' என்று பொருள். மனித மூளையில் அதில் சில பத்தாயிரம் நரம்பணுக்களே உண்டு. ஆனால் அவற்றின் இழைகள் மூளையின் மூலைமுடுக்கெல்லாம் போகின்றன. எதிர்பாராத ஒன்றைக் கண்டதும் இந்தப் புள்ளி விழித்துக்கொள்கிறது; ஹிப்போகாம்பஸில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சொரிகிறது. புதிய பெட்டியே இல்லாமல், அந்த நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டியபோதும் சுண்டெலிகளுக்கு நினைவு தங்கியது. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே 'அன்றாட நினைவு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். எனக்கு அது மிகவும் பொருத்தமாகப் பட்டது.

மனிதர்களிடம் வருவோம். 2013இல் பல்லாரினியின் குழு தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டியது. சிலருக்கு மட்டும் அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, வழக்கத்துக்கு மாறான ஓர் அறிவியல் வகுப்போ இசை வகுப்போ நடந்தது. அந்த வகுப்புக்கும் கதைக்கும் துளியும் தொடர்பில்லை. ஆனாலும் அந்த மாணவர்களே மறுநாள் கதையை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். வகுப்பு நான்கு மணி நேரம் தள்ளிப்போனபோது அந்த ஆதாயம் தெரியவில்லை.

இவர்கள் சிறு பிள்ளைகள். பதின்பருவத்தினரிடம் இன்னொரு திருப்பம் இருக்கிறது. ஃபன்டகோவா, குரூபர் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 10 முதல் 12 வயதுக் குழந்தைகளையும் 13, 14 வயதினரையும் ஒப்பிட்டார்கள். பொது அறிவுக் கேள்வி ஒன்றைக் கொடுத்து, விடையை அறிய எவ்வளவு ஆவல் என்று கேட்பார்கள். பிறகு விடையைக் காட்டி, அது எவ்வளவு சுவையாக இருந்தது என்று கேட்பார்கள். ஆவல் மிகுந்த கேள்விகளின் விடை இரு சாராருக்கும் நினைவில் நின்றது. ஆனால் 'நினைத்ததைவிட இது சுவையாக இருக்கிறதே' என்று தோன்றிய விடைகளால் கூடுதல் பலன் பெற்றவர்கள் பதின்பருவத்தினர்தான். தொடக்கத்தில் ஈடுபாடு காட்டாத ஒரு 14 வயதுப் பெண்ணைப் பார்த்து 'இவளுக்கு எதிலும் அக்கறையில்லை' என்று தீர்ப்பெழுதுகிறோமே, அது எவ்வளவு அவசரமான தீர்ப்பு! அந்த வயதில் ஆர்வம் விடைக்குப் பிறகும் பிறக்கிறது.

இதைப் படித்த உற்சாகத்தில் நானும் ஒரு தவறு செய்தேன். என் மகனுக்கு அப்போது 15 வயது. தினமும் மாலை ஐந்து மணிக்கு 'புதிதாக ஏதாவது' என்று நேரம் ஒதுக்கினேன். முதல் நாள் பூதக்கண்ணாடியில் உப்புக் கல்லைப் பார்த்தோம். அந்தச் சின்னஞ்சிறு கனசதுரங்களைக் கண்டு அவன் வாயடைத்துப்போனான். இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஐந்து மணியானால் கொட்டாவி விட்டபடி வந்து உட்கார்ந்தான். நான் கொண்டுவந்த பொருள் ஒவ்வொரு நாளும் வேறாகத்தான் இருந்தது. ஆனால் 'ஐந்து மணிக்கு அப்பா எதையாவது காட்டுவார்' என்பது பழகிய களமாகிவிட்டது. எதிர்பாராதது மணியடித்து வராது. விசிறி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும். அப்போது 'நீ போய்ப் படி, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பிள்ளையை அனுப்பாமல் இருந்தால் போதும்.

ஒரு பாடத்தின் மேல் அதே போன்ற இன்னொரு பாடத்தை அடுக்குவதும் உதவாது. பொருளற்ற அசைகளின் பட்டியல் ஒன்றைக் கற்ற உடனேயே இன்னொரு பட்டியலைக் கற்றால் பின்னது முன்னதைக் குலைக்கும் என்று முல்லரும் பில்ஸெக்கரும் 1900ஆம் ஆண்டே எழுதிவிட்டார்கள். இந்த மாதிரி இடையூறு வீட்டில் தானாகவே குறைவு. படிப்புக்கு நடுவே துணி காயப்போட வேண்டியிருக்கும், குழாய் ஒழுகும், யாராவது கதவைத் தட்டுவார்கள்.

இவ்வளவு எளிய உண்மைகள் கையில் இருக்கும்போது, கண்ணைக் கட்டிக்கொண்டு எழுத்தைப் படிக்கவைக்கிறோம், 'நடுமூளையைத் தூண்டுகிறோம்' என்று பெற்றோரிடம் பணம் பறிப்பவர்களை நினைத்தால் கோபம் வருகிறது. கண்ணுக்கு ஒளி போகாமல் எவராலும் எழுத்தைப் படிக்க முடியாது. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பெரியவர்கள் முன்னால் நடிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அந்தப் பயிற்சி. இதற்குக் கூட்டம் சேர்கிறது. ஆனால் எலியின் மூளைச் சீவலில் மின்முனையை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் ஒரு கோட்டை அளப்பவரிடம் மட்டும் 'இதனால் நாட்டுக்கு என்ன பயன்?' என்று கேட்கிறார்கள். பத்தாயிரம் வாசல்களில் சரக்கு எங்கே போகிறது என்ற கேள்விக்குச் சந்தையில் விலை இல்லை. அந்தக் கேள்விக்கு அன்று யாரோ நிதி கொடுத்ததால்தான் இன்று எறும்பையும் விசிறியையும் பற்றி நாம் பேச முடிகிறது. இத்தகைய அடிப்படை ஆய்வுக்குப் பொதுப் பணத்தைத் தயங்காமல் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதோடு, வகுப்பறைக்கு வெளியே, வீட்டில் வளரும் பதின்பருவத்தினரைப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளும் வர வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கொடி கட்டுவது விசிறிக்கு முன்னால் மட்டும் நடப்பதல்ல. விசிறி சுழன்ற பிறகும் ஒரு மணி நேரத்துக்கு அந்தச் சரக்கு உங்கள் மகளின் மூளையில் உலவிக்கொண்டிருந்திருக்கும். அன்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவைத்துக் கைகழுவிய பிறகு என்ன பேசினீர்கள், வானொலியில் என்ன ஓடியது, யார் வந்தார்கள் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் முதலில் எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். எடுத்துக்கொடுத்தால் அது அவள் நினைவாகவே மாறிவிடக்கூடும். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.