குதித்துவிட்டு வந்து கணக்குப் போடட்டும்

"வீட்ல ஸ்கிரீனைக் குறைங்க, குறைங்கன்னு நீங்கதான் சொல்றீங்க. ஸ்கூல்ல என்னடான்னா புரொஜெக்டரைப் போட்டு கேம் ஆட விடுறாங்களாம். இது என்ன மேடம்?"

பெற்றோர் பலர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சே 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை போக ஸ்கிரீன் நேரம் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துப் பார்த்து வீட்டில் டேப்லெட்டைப் பிடுங்கி வைக்கும் அம்மாவுக்கு, பள்ளியில் கேம் என்றதும் கோபம் வரத்தான் செய்யும்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கவனச் சிதறல், ஆட்டிசம், கை கால் ஒருங்கிணைப்பில் சிரமம் உள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுவதும் என் வேலைதான். உடம்பை அசைத்து ஆடும் இந்தத் திரை விளையாட்டுகளைப் பயன்படுத்தியும் பார்த்திருக்கிறேன், பயன்படுத்தத் தெரியாமல் வீணடிக்கப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இது சோபாவில் சாய்ந்துகொண்டு விரலால் தட்டும் கேம் இல்லை. உடம்பு அசைந்தால்தான் ஆட்டம் நகரும். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998இல் கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் பலருக்கு நினைவிருக்கும். ஆர்கேடுகளில் அம்புக்குறிகளை மிதித்து ஆடுவோமே, அதுதான். அப்புறம் கையில் பிடித்த கருவியை அசைத்து ஆடும் நிண்டெண்டோ வீ 2006இல் வந்தது, வளையத்தை அழுத்தி உடற்பயிற்சி செய்தபடி ஆடும் ரிங் ஃபிட் 2019இல் வந்தது. மிதித்தால் திரையில் பாதை ஓடும் உடற்பயிற்சி சைக்கிள்களும் இந்த வகைதான். எந்தக் கருவியும் இல்லாமல், வகுப்பறைத் திரையில் ஒரு நடன வீடியோவைப் போட்டுப் பிள்ளைகளை எழுந்து ஆட விடும் பள்ளிகளும் உண்டு.

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆசிரியர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான். கேண்டீனில் வரிசையில் நிற்க மாட்டான், முன்னால் இருப்பவரை இடித்துக்கொண்டு போவான். அறிவில் குறையில்லை, வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். நிற்பதுதான் கஷ்டம்.

அவனை அம்புக்குறிப் பாய்மேல் நிற்க வைத்தேன். திரையின் கீழிருந்து அம்புகள் மேலே ஏறி வரும். மேலே இருக்கும் கோட்டை அம்பு தொடும் அந்தக் கணத்தில்தான் மிதிக்க வேண்டும், முந்திக்கொண்டால் புள்ளி கிடையாது. முதல் பாட்டு முழுக்க அம்பு கண்ணில் பட்டதுமே தொம் தொம் என்று மிதித்தான். திரையில் தப்பு, தப்பு என்று வந்துகொண்டே இருந்தது. முகம் சிவந்தது, ஆனால் இறங்கிப் போகவில்லை. "இன்னொரு தடவை" என்றான். சில வாரங்கள் போனபின் ஒரு நாள் கவனித்தேன். அம்பு வருவதைப் பார்த்தபடி வலது காலைத் தூக்கி அப்படியே வைத்திருந்தான். கால்விரல்கள் மடங்கியிருந்தன, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அம்பு கோட்டைத் தொட்டதும் கால் இறங்கியது.

அந்த அரை விநாடிக் காத்திருப்பைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். செய்யத் துடிக்கும் ஒன்றைச் செய்யாமல் பிடித்து வைக்கும் திறன் அது. கை தூக்கிவிட்டு ஆசிரியர் கூப்பிடும்வரை பொறுத்திருக்கவும், கணக்கில் கேள்வியின் கடைசி வரியைப் படிக்கும்வரை பேனாவை நிறுத்தி வைக்கவும் அதே திறன்தான் வேண்டும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. தப்பு செய்தால் அந்தத் திரை முகத்தைச் சுளிக்காது, பெருமூச்சு விடாது, அம்மாவுக்குப் போன் போடாது. நாள் முழுக்கத் திட்டு வாங்கிப் பழகிய பிள்ளைக்கு, தப்பைத் தப்பாக மட்டும் பார்த்துவிட்டு அடுத்த முயற்சிக்குப் போக ஓர் இடம் கிடைக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

பாய்மேல் காத்திருக்கப் பழகினான் என்பதற்காக வரிசையில் இடிப்பது மறுநாளே நின்றுவிடவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளையாட்டில் கற்றது தானாக வகுப்பறைக்குள் நடந்து போகாது. "பாயில் நின்ற மாதிரி நில்லு" என்று வரிசையில் நின்று நினைவூட்ட ஒரு பெரியவர் வேண்டும். அவனுடைய வகுப்பாசிரியர் அதைப் பொறுமையாகச் செய்தார். கூடவே கணக்குப் பாடத்துக்கு முன்னால் அவனைக் கொஞ்ச நேரம் ஆட அனுப்பினார். ஆடிவிட்டு வந்த நாள்களில் பயிற்சித் தாளைக் கடைசிக் கணக்குவரை முடித்துவிடுகிறான் என்று சொன்னார்.

ஏன் அப்படி? இதயம் வேகமாகத் துடித்து மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு வேலை செய்யும்போது மூளையில் டோபமின், நோர்அட்ரினலின் இரண்டின் செயல்பாடும் கூடுகிறது. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த உதவும் வேதிப்பொருள்கள் இவை. கவனக் குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவும் இவற்றின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. அதற்காக மருந்தை நிறுத்திவிட்டு ஆட விடலாம் என்று அர்த்தமில்லை, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளியில் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் நான் அடிக்கடி சொல்வது அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள மேன்வில் பள்ளியில் நடந்தது. நடத்தை, மனநலச் சிரமங்கள் உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி அது. உடற்கல்வி நேரத்தில் 7 வாரங்களுக்குத் திரையோடு இணைந்த சைக்கிளை மிதிக்கவிட்டு, வழக்கமான உடற்கல்வி நடந்த வாரங்களோடு ஒப்பிட்டார்கள். மொத்தம் 103 பிள்ளைகள். 2017இல் முடிவுகள் வந்தன. தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதும், ஒழுங்கு நடவடிக்கையாக வகுப்பைவிட்டு வெளியே அனுப்பப்படுவதும் நிகழும் வாய்ப்பு, சைக்கிள் வாரங்களில் 32 முதல் 51 விழுக்காடுவரை குறைவாக இருந்தது. சைக்கிள் மிதித்த அன்றைக்கே பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் கவனியுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடனப் பாயையும் சைக்கிளையும் வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்விலும், ஆடிய பிறகு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தது, எண்களை நினைவில் வைத்துத் தலைகீழாகச் சொல்வதில் முன்னேற்றம் தெரிந்தது. பங்கெடுத்தவர்கள் சில பேர்தான், ஆகவே அதை ஒரு நல்ல அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இனி மறுபக்கம். டெக்சஸில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு உடலசைவு கேம்களை வீட்டில் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2012இல் வெளியானது. சாதாரண கேம் வாங்கிய பிள்ளைகளைவிட இவர்கள் கூடுதலாக அசைந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் யாரும் நேரம் குறிப்பதில்லை. நான்கு நாள் ஆடிவிட்டு, அப்புறம் கையை மட்டும் ஆட்டினாலே புள்ளி விழும் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். பள்ளியில் நேரமும் இடமும் கூட்டாளிகளும் கவனிக்கும் ஆசிரியரும் இருக்கிறார்கள். பலன் கருவியில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. அதனால் "இதையே வீட்டுக்கு வாங்கிப் போடட்டுமா?" என்று கேட்கும் பெற்றோரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அந்தக் காசு மிச்சமாகட்டும். லிஃப்டில் இறங்கினால் புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடல் இருக்கிறது.

"அப்படியானால் பள்ளியிலும் திடலிலேயே ஓடட்டுமே?" ஓட முடிந்த நாளில் ஓடத்தான் வேண்டும். உண்மையான விளையாட்டில் செலவாகும் சக்தி வீ கேமில் செலவாவதில்லை என்று 2007லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு வெளியே போக இன்னொரு காரணமும் இருக்கிறது. தொடக்கப்பள்ளியை முடிப்பதற்குள் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கண்ணாடி போடும் ஊர் இது. பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உதவும். அந்த வெளிச்சத்தை எந்தத் திரையும் தராது.

ஆனால் சிங்கப்பூரின் பருவநிலை ஆசிரியருக்கு எப்போதும் ஒத்துழைப்பதில்லை. பிற்பகலில் இடி இடித்தால் திடல் காலி. வெயில் கொளுத்தினால் வெளி நடவடிக்கைகளைச் சுருக்கச் சொல்வார்கள். 2015 செப்டம்பரில் புகைமூட்டம் மோசமாகி ஒரு நாள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார்கள். அதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வகுப்பிலேயே அடைந்து கிடந்தார்கள். இப்படிப்பட்ட நாள்களில் உடற்கல்வி பெரும்பாலும் ஏதாவது பயிற்சித் தாளாக மாறிவிடுகிறது. அந்த நாள்களுக்குத்தான் இந்த விளையாட்டுகள் மிகவும் பொருந்தும். பெஞ்சுகளை ஒதுக்கினால் போதும், ஆளுக்கு ஒரு எட்டு இடம் கிடைத்துவிடும்.

பாடத்தோடும் சேர்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியை ல, ள, ழ மூன்றையும் தரையில் மூன்று கட்டங்களாக ஒட்டி வைத்திருக்கிறார். திரையில் எழுத்து விடுபட்ட சொல் வரும்: 'ப_ம்', பக்கத்தில் மாம்பழத்தின் படம். பிள்ளைகள் சரியான கட்டத்துக்குத் தாவ வேண்டும். அடுத்தும் அதே 'ப_ம்', ஆனால் எடை தூக்கும் பலசாலியின் படம். பாதி வகுப்பு பழைய கட்டத்திலேயே நிற்கும், ஒரு சிரிப்பு எழும், அப்புறம் எல்லோரும் ஓடி மாறுவார்கள். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள்கூட அங்கே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தாவுவதைப் பார்த்தேன். விலையுயர்ந்த கருவி ஒன்றும் இல்லை, ஒரு திரையும் வண்ண டேப்பும்தான்.

இதைச் செய்யும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஆட விடாதீர்கள், வழுக்கும். காலணியோடு, இல்லையென்றால் வெறுங்காலோடு ஆடட்டும். வலிப்பு உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் மின்னி மின்னி மறையும் காட்சிகள் உள்ள கேமைப் போடும் முன் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். சத்தத்தைத் தாங்க முடியாத பிள்ளைக்கு ஒலியைக் குறைத்து, ஓரத்தில் இடம் கொடுங்கள். பதினைந்து நிமிடம் போதும். கடைசி இரண்டு மூன்று நிமிடங்களை மெதுவான அசைவுக்கு ஒதுக்குங்கள். உச்ச வேகத்தில் ஆடிய பிள்ளையை அப்படியே நாற்காலியில் உட்கார வைத்தால் வகுப்பு இன்னும் கலையும். "கேம் போட்டேன், இன்னும் மோசமாத்தான் ஆனாங்க" என்று சொன்ன ஆசிரியர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இந்த இறங்குமுகம்தான் விடுபட்டிருக்கும்.

புள்ளிப் பட்டியலைத் திரையில் காட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உடல் பருமனான பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்த திட்டம் ஒன்று நம் பள்ளிகளில் 1992 முதல் 2007 வரை இருந்தது. அப்போது பள்ளியில் படித்தவர்கள் இன்று பெற்றோர். இடைவேளையில் எல்லோரும் பார்க்க ஓட வைக்கப்பட்ட வருத்தம் அவர்களில் சிலருக்கு இன்னும் ஆறவில்லை. உடம்பை அசைப்பது இன்னொரு தடவை அவமானமாக மாறிவிடக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு. "ஒழுங்கா உட்கார்ந்தால்தான் வெள்ளிக்கிழமை கேம்" என்கிறார்கள். ஒரு வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கும் ஆசிரியருக்கு அது கைக்கு எட்டிய வழி, புரிகிறது. ஆனால் யார் அந்த வெள்ளிக்கிழமையை இழக்கிறார்கள் என்று பாருங்கள். இயல்பாகவே அமைதியாக உட்காரும் பிள்ளைக்குப் பரிசு கிடைத்துவிடும். உட்கார முடியாததால்தான் அசைவு தேவைப்படும் பிள்ளை, ஒவ்வொரு வாரமும் சுவரோரம் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கும். இடைவேளையை வெட்டுவதும் இதே கதைதான். காலையில் ஓட விடாமல் உட்கார வைத்துவிட்டு, பத்து மணிக்கு நெளிகிறான் என்று குறைப்பட்டு என்ன பயன்? உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குச் சொல்லும் நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவு, 2020 வழிகாட்டுதலின்படி உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கும் பொருந்தும். நல்ல பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை.

எனவே பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்குப் போகும்போது, பள்ளியில் கேம் போடுகிறார்களா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்போது போடுகிறார்கள், கடினமான பாடத்துக்கு முன்னாலா, நாளின் கடைசியிலா என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஆடுகிறார்களா, ஆடி முடித்ததும் எப்படி அமைதிப்படுத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கற்றல் ஆதரவுத் திட்டம் எழுதப்பட்டிருந்தால், உடற்கல்வியையும் இடைவேளையையும் தண்டனையாக எடுப்பதில்லை என்ற ஒரு வரியை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். நான் கேட்ட பள்ளிகளில் பெரும்பாலானவை தயங்காமல் சேர்த்தன. தயங்கினால், உங்கள் தெரபிஸ்டிடமோ மருத்துவரிடமோ அதற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், எழுதித் தருவோம்.