பனையோலை நுனியில் தெரியும் வெள்ளைக் கோடு

யாழ்ப்பாணத்தில் இப்போது முப்பரிமாணப் படம் பார்க்காமல் வீட்டு வேலை தொடங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற பிள்ளைகள் முன்பக்கத் தோற்றத்தை போனில் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அத்திவாரம் வெட்டப்படுகிறது. அந்தப் படங்களைச் செய்வது என் தொழில். கணினியில் செய்த மாதிரியைப் படமாக்குவதை ரெண்டர் என்போம். வீடு அருமையாக ரெண்டர் ஆகியிருக்கும். பின்னால் வானத்தையும் பக்கத்தில் பனையையும் சேர்க்கிற இடத்தில்தான் வேலை கெடும். கூரை ஓரத்திலும் ஓலை நுனியிலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்துப் பதாகைகளிலும் கலியாண அல்பங்களிலும் இதே கோட்டைப் பார்க்கிறேன். 10 அடி அகலப் பதாகைக்கு 3000 பிக்சல் அகலப் படம் கொடுத்தால், ஒரு பிக்சல் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். போனில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பிக்சல் ஓரம், வீதியில் 3 மில்லிமீற்றர் கோடாகத் தெரியும்.

படத்தைப் பின்னணியிலிருந்து வெட்டியவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பிழை அதற்கு முன்னமே நடந்துவிடுகிறது. ஓலை நுனியில் ஒரே ஒரு பிக்சலை எடுத்துப் பாருங்கள். அதில் பாதி ஓலை, பாதி வெளி. ஓலையின் நிறம் சிவப்பு 40, பச்சை 60, நீலம் 30 என்று வைப்போம். வெள்ளைப் பின்னணியில் (வெள்ளைக்கு மூன்றும் 255) ரெண்டர் எடுத்தால் அந்தப் பிக்சல் இரண்டும் கலந்து 148, 158, 143 என்று வெளிறிய சாம்பல் நிறமாகிவிடும். பிறகு எவ்வளவு கவனமாக வெள்ளையை அழித்தாலும் இந்தப் பிக்சலுக்குள் போன வெள்ளை வெளியே வராது. பின்னால் செம்மஞ்சள் அந்தி வானத்தை வைத்தவுடன் அது தனியாகத் தெரியும்.

அதே ஓலையை ஒளிபுகு பின்னணியில், அதாவது பின்னால் எந்த நிறமும் இல்லாமல், எடுத்தால் நிறம் 40, 60, 30 ஆகவே இருக்கும். கூடவே அல்பா என்ற நான்காவது எண், இந்தப் பிக்சலில் பாதிதான் ஓலை என்று சொல்லும். 8 பிட் படத்தில் அது 0 முதல் 255 வரை போகும், பாதி என்றால் 128. வானம் 240, 140, 60 என்றால் விடை 140, 100, 45. ஓலையும் வானமும் இயல்பாகக் கலந்த நிறம். கோடு இல்லை.

பிளென்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இதற்கு ஃபிலிம் பகுதியில் டிரான்ஸ்பேரன்ட் என்பதைத் தெரிவு செய்தால் போதும். சேமிக்கும்போது ஆர்ஜிபிஏ (மூன்று நிறங்களோடு அல்பாவும்) என்று கொடுங்கள். பிளென்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையில் யன்னல் கண்ணாடி வழியாகவும் பின்னணி தெரியவேண்டும் என்றால் டிரான்ஸ்பேரன்ட் கிளாஸ் என்ற தெரிவையும் போடவேண்டும். பலர் இதை விட்டுவிடுவதால் யன்னலுக்குள் மட்டும் பழைய வானம் அப்படியே இருக்கும்.

அடுத்தது கறுப்புக் கோடு. இதைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. நிறத்தை முன்கூட்டியே அல்பாவால் பெருக்கிச் சேமிக்கும் முறை ஒன்று இருக்கிறது, பிரிமல்டிபிளைட் என்பார்கள். 1984இல் லூகாஸ்ஃபிலிமில் வேலை செய்த தோமஸ் போர்ட்டரும் டொம் டஃபும் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் கணக்கை எழுதியபோது இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இதில் எங்கள் ஓலைப் பிக்சல் 20, 30, 15 என்று இருக்கும். மென்பொருள் அது ஏற்கெனவே பெருக்கப்பட்டது என்று அறியாமல் மறுபடி பாதியாக்கினால் 10, 15, 8 ஆகிவிடும். வீட்டைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல ஓரம் கறுக்கும். பிஎன்ஜி ஃபைலில் நிறம் பெருக்கப்படாமல் இருக்கும், ஈஎக்ஸ்ஆர் என்ற ஃபைல் வகையில் வழக்கமாகப் பெருக்கப்பட்டிருக்கும். படங்களை அடுக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இன்டர்பிரட் ஃபுட்டேஜ் என்ற இடத்தில் சரியானதைச் சொல்லிவிட்டால் ஓரம் தெளிந்துவிடும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று முழுவதையும் திரும்ப ரெண்டர் போடத் தேவையில்லை.

விளக்குச் சுடர், இரவு மின்விளக்கின் ஒளிவட்டம் போன்றவை வேறு மாதிரி. சுடர் பின்னால் இருப்பதை மறைப்பதில்லை, வெளிச்சத்தை மட்டும் கூட்டுகிறது. அல்பா பூச்சியமாக இருந்தும் நிறம் இருக்கும். பிஎன்ஜியில் அதற்கு இடமில்லை, சேமித்தவுடன் ஒளிவட்டம் போய்விடும். அப்படியான வேலைக்கு ஈஎக்ஸ்ஆர்தான்.

படத்தின் எந்தப் பகுதி தெரியவேண்டும் என்று சொல்லும் மாஸ்க் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அழிப்பானால் அழித்தால் அழிந்ததுதான். லேயர் மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், நாளைக்கு மனம் மாறினாலும் திருப்பி எடுக்கலாம். ரெண்டர் போடும்போதே ஒவ்வொரு பொருளையும் தனியாகத் தெரிந்தெடுக்க உதவும் கிரிப்டோமாட்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். “சுவர் நிறம் மட்டும் கொஞ்சம் மாத்தேலுமோ தம்பி?” என்று கனடாவிலிருந்து கேட்டால், சுவரை மட்டும் தெரிந்தெடுத்து மாற்றிக்கொடுக்கலாம். கிறில் கம்பிகளுக்கு நடுவில் தெரியும் சுவர்கூட ஓரம் உடையாமல் வரும்.

நல்ல ஃபைலும் அனுப்புகிற வழியில் வீணாகிறது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது ஜேபெக் ஆகிவிடும். ஜேபெக்கில் அல்பாவே கிடையாது. டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இணையத்திலிருந்து குத்துவிளக்கு, நிறைகுடம் எடுக்கும் பொடியள் ஒன்றைக் கவனியுங்கோ. பின்னால் சாம்பல் வெள்ளைக் கட்டங்கள் தெரிவதால் மட்டும் அது ஒளிபுகு படம் ஆகாது. பல படங்களில் அந்தக் கட்டங்களே படத்தின் பகுதி. கீழே ஒரு சிவப்பு லேயர் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

வெள்ளையில் எடுத்த பழைய படம்தான் கையில் இருக்கிறது என்றால், வெட்டிய பிறகு ஃபோட்டோஷொப்பின் லேயர் மெனுவில் மாட்டிங் என்பதற்குள் ரிமூவ் வைட் மாட் இருக்கிறது. கூரை போன்ற நேரான ஓரங்களில் ஓரளவு கைகொடுக்கும், பனையோலையில் அவ்வளவு வராது. அச்சுக்குப் போகுமுன் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று தனி நிறங்களின் மேல் வைத்து, முழு அளவில் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். நிழலைத் தனி லேயராக வைத்து, பெருக்கியதா இல்லையா என்பதை ஃபைல் பெயரிலேயே எழுதிவிட்டால், அடுத்து அதைத் திறக்கிறவர் உங்களுக்குப் போன் எடுக்கத் தேவையில்லை.