ஒரு ஜிபி ஃபைலுக்கு 4 ஜிபி ரேம் ஏன் பத்தவில்லை?

மண்டபம், பாம்பன், கீழக்கரை மூன்று இடத்திலும் கடலுக்குள் கருவி போட்டு, 10 விநாடிக்கு ஒரு முறை வெப்பநிலை, உப்புத்தன்மை எல்லாம் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் 94,60,800 வரிகள் சேர்ந்துவிடும். வரிக்கு 20 பத்தி (நெடுவரிசை) என்றால் சிஎஸ்வி ஃபைல், அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய ஃபைல், ஒரு ஜிபி அளவுக்கு வரும். இதை 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்குள் இழுத்தால் திணறிவிடும்.

ஆர், ஸ்டேட்டா என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள், பைத்தான் மொழியின் பாண்டாஸ் என்ற தரவு நூலகம், மூன்றுமே வழக்கமாகத் தரவு முழுவதையும் ரேமில் ஏற்றிவைத்துத்தான் கணக்குப் போடும். மீன்பாடு முழுவதையும் தார்ப்பாயில் கொட்டித் தரம் பிரிக்கிற மாதிரி. அப்புறம், ஆரிலும் பாண்டாஸிலும் வழக்கமாகத் தசம எண் சின்னதோ பெரியதோ, ஒவ்வொன்றுக்கும் 8 பைட் போகும். 20 பத்தியும் அப்படி என்றால் 1.5 ஜிபி அதற்கே போய்விடும். படிக்கும்போதும், பிறகு பத்திகளை மாற்றும்போதும் தற்காலிக நகல்கள் வேறு சேரும். ரேம் நிரம்பியதும் கணினி மிச்சத்தை டிஸ்க்குக்குத் தள்ளும், அங்கேதான் எல்லாம் ஆமை வேகமாகிறது.

ரேம் வாங்க ஓடுவதற்கு முன் முதல் 1,000 வரியை மட்டும் படித்துப் பாருங்கள். எந்தப் பத்தி வேண்டும், அது என்ன வகை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான்கு பத்தி போதுமென்றால் சுமை ஐந்தில் ஒன்றாகிவிடும். திரும்பத் திரும்ப வரும் இடத்தின் பெயரைக் குறியீட்டு எண்ணாக வைக்கலாம்: ஆரில் ஃபேக்டராக வைத்தால் வரிக்கு 4 பைட், பாண்டாஸில் கேட்டகரியாக வைத்தால் ஒரே பைட். ஸ்டேட்டாவில் கம்ப்ரெஸ் என்ற ஒரு கட்டளையே மதிப்பு மாறாமல் பத்திகளைச் சுருக்கித் தரும். இன்னொன்று, என்னை ரொம்ப நேரம் அலைய வைத்தது: வெப்பநிலைப் பத்தியில் எங்கோ ஓரிடத்தில் யாராவது "பழுது" என்று எழுதியிருந்தால், ஆர் அந்தப் பத்தி முழுவதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அந்தச் சொல்லை விடுபட்ட மதிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்படியும் கொள்ளவில்லையா? சரி, லட்சம் லட்சம் வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம், கடைசியில் மிஞ்சுவது 26,280 வரிதான். சராசரியையே சேமித்துவைத்து, பிறகு சராசரிகளுக்குச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்தின் பாதி இந்தத் துண்டிலும் மீதி அடுத்த துண்டிலும் விழுந்திருக்கும், விடை தப்பாகும். இடைநிலை அளவு (மீடியன்) வேண்டுமென்றால் இந்த வழி உதவாது, அந்த ஒரு பத்தியை மட்டும் முழுசாக ஏற்றிவிடுவதே எளிது.