தொடைக்கு அடியில் தலையணை வேண்டாம்

சர்க்கரை நோயால் புண் புரையோடி, முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டவரைப் பார்க்கப் போகும்போது என் கண் முதலில் தலையணையைத்தான் தேடும். பெரும்பாலும் அது எஞ்சிய தொடைக்கு அடியில் இருக்கும். வலி குறையட்டும் என்று மனைவியோ மகளோ வைத்திருப்பார்கள். காரணம் சொல்லாமல் எடுத்தால், நான் நகர்ந்ததும் தலையணை திரும்பிவிடும். அதனால் உட்கார்ந்து விளக்குவேன்.

இடுப்பு மூட்டின் முன்பக்கத்தில் இலியோஃபெமோரல் லிகமென்ட் என்ற நார்ப்பட்டை இருக்கிறது. உண்டிவில் கவட்டையைத் தலைகீழாகப் பிடித்தது போல, இடுப்பெலும்பில் தொடங்கி இரண்டாகப் பிரிந்து தொடையெலும்பில் பதிகிறது. 1869-இல் இதை விரிவாக எழுதிய பாஸ்டன் அறுவை மருத்துவர் ஹென்றி ஜேக்கப் பிகலோவின் பெயராலும் இது வழங்குகிறது. நம் உடம்பின் லிகமென்ட்டுகளில் மிக வலுவானது இதுதான். நேராக நிற்கும்போது உடலின் எடை இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னால் இறங்குகிறது. உடல் பின்னுக்குச் சாயாமல் இந்த நார் பிடித்துக்கொள்கிறது. ரேஷன் கடை வரிசையில் தசைகள் அதிகம் களைக்காமல் நிற்பது இதனால்தான். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள்கூட, காலை நிமிர்த்திப் பிடிக்கும் காலிப்பர் சட்டத்தை மாட்டி, இடுப்பை முன்னே தள்ளி, இந்த நாரின் பலத்தில் நிற்கிறார்கள். முதல்முறை அப்படி நின்றவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நாரின் அருமை தெரியும்.

அடியில் வைத்த தலையணையால் தொடை எந்நேரமும் மடங்கியே இருந்தால், முன்பக்கத் தசையும் இந்த நாரும் சுருங்கி இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் பொருத்தினாலும் இடுப்பு நிமிராது. முதுகை வளைத்துத்தான் நடக்க வேண்டியிருக்கும். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, நல்ல காலின் முழங்காலை நெஞ்சோடு அணைத்துப் பாருங்கள். எஞ்சிய தொடை படுக்கையை விட்டு மேலெழுந்தால் இறுக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மருத்துவர் அனுமதித்ததும், நாளுக்கு இரண்டு மூன்று முறை, 20 நிமிடமாவது குப்புறப் படுக்க வேண்டும். மூச்சுத்திணறலோ இதய நோயோ உள்ளவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ஒருக்களித்துப் படுத்துத் தொடையைப் பின்னுக்கு நீட்டலாம். சக்கர நாற்காலியிலேயே நாள் முழுதும் இருந்தாலும் இதே இறுக்கம்தான் வரும்.

“அப்படியானால் வலிக்கு என்ன செய்வது, சார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வலியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி மருந்து கேளுங்கள். எடுத்த தலையணையைத் தலைக்கு வையுங்கள்.